பெயர் நீக்கப்பட்ட ஒருவன்

கடந்த ஏப்ரல் இறுதியில் எங்கள் பங்குத் தொடக்கப்பள்ளியில் பிரிவுபசார விழா ஒன்று நடந்தது. 34 ஆண்டுகள் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் ஓய்வு பெற்றார். தமிழக அரசு ஓய்வு வயதை 58இலிருந்து 2020இல் 59ஆகவும், 2021இல் 60ஆகவும் உயர்த்தியபோது, பிள்ளைகளோடு இன்னும் இரண்டு ஆண்டுகள் கிடைத்தன என்று மகிழ்ந்தவர் அவர். பள்ளித் தாளாளர் என்ற முறையில் நான் தலைமை தாங்கினேன். பொன்னாடை, சந்தனமாலை, வாழ்த்துமடல் எல்லாம் முறைப்படி நடந்தன. அவரை உருகும் மெழுகுவர்த்திக்கு ஒப்பிட்டு நானும் பேசினேன். ஏற்புரைக்கு எழுந்தவரோ, "என்னை நம்பிப் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோருக்கு நன்றி" என்று மட்டும் கூறி அமர்ந்துவிட்டார்.

மாலையில் அலமாரிச் சாவிகளை ஒப்படைக்கப் பங்கு இல்லத்திற்கு வந்தார். "சாமி, இது பாவசங்கீர்த்தனம் அன்று, மனச்சுமை" என்று தொடங்கினார். இதனை இங்கே எழுதவும் பின்னர் இசைவு தந்தார்.

பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. மூன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் திணறிய சிறுவன் ஒருவனை, "உனக்குப் படிப்பு ஏறாது, மாடு மேய்க்கப் போ" என்று வகுப்பின் முன் கூறிவிட்டார். மறுநாள் அவன் வரவில்லை. இவரும் தேடிச் செல்லவில்லை. சில வாரங்களில் வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் நீக்கப்பட்டது. "இன்று எத்தனையோ பெயர்களைச் சொல்லிப் பாராட்டினார்கள், சாமி. எனக்கு அந்த ஒரு பெயர்தான் கேட்டது."

படித்து உயர்ந்த மற்றவர்களை எண்ணிப் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல் எழவில்லை. நற்செய்தியில் வரும் ஆயன் தொண்ணூற்றொன்பது ஆடுகளைக் காட்டி மனத்தைத் தேற்றிக்கொண்டவன் அல்லனே!

அடுத்த ஞாயிறு இருவரும் பக்கத்து ஊருக்குச் சென்றோம். கொத்தனார் வேலை செய்யும் அவர் பாய் விரித்து அமரச் செய்தார். ஆசிரியர் மன்னிப்புக் கேட்டார். நெடுநேரம் மௌனம். பிறகு, "மறக்கவில்லை சார். என் மகளின் மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடுகிறேன், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள்தான் படித்துச் சொல்கிறாள்" என்றார். "மாலையில் நான் வரட்டுமா?" என்று ஆசிரியர் கேட்டார். அன்று பதில் இல்லை. இரண்டு வாரங்கள் கழித்து ஆள் வந்தது. இப்போது வாரம் மூன்று மாலைகள் அந்த வீட்டில் பாடம் நடக்கிறது.

ஆசிரியர்களின் பாதுகாவலரான புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால் 1717இல் தம் சபையின் தலைமைப் பொறுப்பைத் துறந்தார். 1719ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று இறக்கும்வரை, தாம் நிறுவிய சபையிலேயே கீழ்ப்படியும் எளிய உறுப்பினராக வாழ்ந்தார். பதவி முடியலாம், பணி முடிவதில்லை. அதைவிட, பதவி தந்த உயரத்திலிருந்து இறங்கிய பின்புதான் சில பணிகள் தொடங்க முடிகிறது போலும்.

பங்குத்தந்தையர் 75 வயது நிறைவில் பணிவிலகல் மடல் அளிக்கத் திருச்சபைச் சட்டம் கேட்டுக்கொள்கிறது. எனக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் பீடத்திலிருந்து நான் கடுமையாய்ப் பேசிய ஒரு ஞாயிறுக்குப் பின், கோவிலுக்கு வராமல் நின்றுவிட்ட குடும்பம் ஒன்று உண்டு. அவர்கள் வீடு எனக்குத் தெரியும். ஆசிரியர் 30 ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். நான் காத்திருக்கலாகாது.

அன்பு வாசகரே, உங்கள் பதிவேட்டிலும் அப்படி ஒரு பெயர் இருக்கிறதா?