நேரே பார்த்தவள்

சங்கத்துப் பொங்கல் விழாப் படங்களைப் பாதுகாத்து வைத்திருக்கும் அன்பர்கள் 2023-ஆம் ஆண்டுப் படத்தை எடுத்துப் பார்ப்பார்களாயின், கும்மியடித்த சிறுமியர் வரிசையில் ஒருத்தி மட்டும் முகத்தை வலப்புறம் திருப்பிக்கொண்டு, கடைக்கண்ணால் நோக்கி நிற்பதைக் காணலாம். அவள் எங்கள் மகள். அப்போது அவளுக்கு ஆறு வயது. படம் பிடித்தவர் நான்கு முறை, "பாப்பா, நேரே பார்" என்றார். நாங்களும் கூட்டத்திலிருந்து அதையே கூவினோம். அவள் நேரேதான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதை நாங்கள் அன்று அறியோம்.

மூன்றாம் மாதத்திலேயே அவளுடைய கருவிழிகள் இடமும் வலமுமாக மெல்ல ஊசலாடுவதைக் கண்டோம். வளர வளரச் சரியாகிவிடும் என்றார் ஒரு மருத்துவர். அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த ஆச்சி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். பின்னர்த் தலை திரும்பும் பழக்கம் வந்தது. கழுத்தில் கோளாறென்று இரண்டு மாதம் எண்ணெய் தடவிப் பயிற்சியும் கொடுத்தோம். பள்ளியிலோ, பாடத்தில் கவனமில்லை என்ற புகார்.

எங்கள் பங்கைச் சொல்லக் கூசுகிறது, ஆயினும் மறைப்பதற்கில்லை. சயானில் உள்ள எங்கள் குடியிருப்பில், நம்மவர் பலரையும் போல, நாங்களும் இரவு உணவுக்குப் பின் பிள்ளைக்குத் தமிழ் கற்பிப்பது வழக்கம். சுவரில் ஒரு கரும்பலகை. எதிரே பாயில் அவள். முகம் திரும்பும்போதெல்லாம் எங்களில் ஒருவர் அவள் மோவாயைப் பற்றி நேரே நிறுத்துவோம். "இப்போ தெரியலப்பா" என்பாள். படிக்க மனமில்லாத பிள்ளையின் சாக்கு என்று எண்ணி, பிடியை இன்னும் சற்று இறுக்குவோம்.

அவ்வாண்டு மார்ச்சு மாதம், குழந்தைகளின் மாறுகண்ணுக்கு மருத்துவம் செய்யும் அம்மையார் ஒருவரிடம் சென்றோம். அவர் முதலில் அவளை இஷ்டம்போல் அமர்ந்து எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னார். பிறகு, நாங்கள் செய்வது போலவே, தலையை நேரே பிடித்துக்கொண்டு படிக்கச் சொன்னார். இரண்டு வரி குறைந்தது. அவர் ஏதும் விளக்குமுன்னரே எங்களுக்கு விளங்கிவிட்டது.

இதற்குப் பிறவிக் கண்நடுக்கம் என்று பெயர். மருத்துவ நூல்கள் நிஸ்டாக்மஸ் என்னும். விழிகளை நிலைநிறுத்தும் நரம்பு ஏற்பாட்டிலேயே அமைந்துவிட்ட குறை இது. ஆயினும் இக்குழந்தைகளிற் பலருக்கு, விழிகள் ஏதேனும் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கும்போது ஆட்டம் அடங்கும், பார்வையும் தெளியும். எங்கள் மகளுக்கு அவ்விடம் இடப்புறம் இருந்தது. ஆகவே எதிரே உள்ளதைக் காண முகத்தை வலப்புறம் திருப்பி, விழிகளை இடப்புறம் ஒதுக்கிக்கொண்டாள். யாரும் கற்பியாமல் அக்குழந்தை தானே கண்டுகொண்ட மருந்தை நாங்கள் இரவுதோறும் பறித்துக்கொண்டிருந்தோம்.

இதற்குரிய அறுவைச் சிகிச்சையை மெல்போர்னில் ஆண்டர்சனும், வியன்னாவிலிருந்து நியூயார்க் சென்று வாழ்ந்த கெஸ்டன்பாமும் 1953-ஆம் ஆண்டில் தனித்தனியே வெளியிட்டனர். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் இயக்குகின்றன. அவற்றுள் பக்கவாட்டில் இழுக்கும் இரண்டை மட்டும், இரு கண்களிலுமாக நான்கை, இடம் மாற்றித் தைக்கிறார்கள். இடப்புறம் இழுப்பவற்றைப் பின்தள்ளித் தளர்த்துவர். வலப்புறம் இழுப்பவற்றைச் சிறிது வெட்டிக் குறுக்குவர். பின்னர், முன்பு இடப்புறம் நோக்கச் செய்த முயற்சியே நேரே நோக்கப் போதுமானதாகிறது. ஆட்டம் அடங்கும் இடம் முகத்துக்கு நேரே வந்துவிடுகிறது. 1973-இல் பார்க்ஸ் என்பவர் வகுத்த கணக்கு இன்றும் அடிப்படையாக உள்ளது: வலக்கண்ணில் உட்தசைக்கு 5 மில்லிமீட்டர் தளர்வு, வெளித்தசைக்கு 8 குறுக்கம், இடக்கண்ணில் உட்தசைக்கு 6 குறுக்கம், வெளித்தசைக்கு 7 தளர்வு. எந்தக் கண்ணில் கூட்டினாலும் 13. இரு கண்களும் ஒருசேர நகர்வதால் மாறுகண் உண்டாகாதபடி காக்கிறது அக்கணக்கு. தலை மிகுதியாகத் திரும்பினால் அளவைக் கூட்டுவார்கள். எங்கள் மகளுக்கு 20 டிகிரிதான், கூட்டத் தேவைப்படவில்லை.

"கண்ணை வெளிய எடுத்தா வைப்பாவ?" என்று ஆச்சி தொலைபேசியில் அழுதார். தசைகள் விழியின் மேற்புறத்தில் ஒட்டியிருப்பவை. விழியைத் திறப்பதேயில்லை என்று மருத்துவர் சொன்னதை நாங்கள் அவருக்குச் சொன்னோம். எங்கள் அச்சம் வேறு. குற்றமற்ற தசைகளை வெட்டச் சம்மதிப்பதா? மருத்துவர் எதையும் ஒளிக்கவில்லை. ஊசலாட்டம் அடியோடு நீங்காது. தலைத்திருப்பம் சிறிது எஞ்சலாம், மீண்டும் வரலாம். இரட்டைப் பார்வை ஏற்படுதலும் அரிதாக உண்டு என்றார். அவசரமும் படுத்தவில்லை. ஓராண்டுக் காலம் பலமுறை கோணத்தை அளந்தார். அதுவரை வகுப்பில் அவளை வலது ஓரத்தில் அமர்த்தச் சொன்னார். பலகை இடப்புறம் அமைவதால் கழுத்து வருந்தாதாம். ஆசிரியை உடனே இசைந்தார். காசு செலவில்லாத இந்த யோசனையை முன்பே எவரேனும் சொல்லியிருக்கலாகாதா என்று இன்றும் தோன்றுகிறது.

2024 மே மாதம் மயக்க மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்தார்கள். தையல்கள் தாமே கரைந்தன. மூன்று வாரம் கண்கள் செம்பருத்தி போலச் சிவந்திருந்தன. அவள் கண்ணாடியைப் பார்க்க மறுத்தாள். பின்னர்ச் சிவப்பு வடிந்தது. தலை ஏறக்குறைய நேரானது. விழிகள் இன்றும் ஆடுகின்றன. களைத்துப்போனால் முகம் சற்றே வலப்புறம் சாய்கிறது. நாங்கள் அதைத் தொடுவதில்லை.

சூன் மாதத்தில் ஓரிரவு பாடத்தை மறுபடி தொடங்கினோம். பாயில் அமர்ந்தபடியே பலகையில் இருந்த நான்கு வரிகளையும் முகம் திருப்பாமல் படித்து முடித்தாள். பிறகு எங்களைப் பார்த்து, "நான் அப்பவே சொன்னேன்ல, தெரியலன்னு" என்றாள். குரலில் கோபமில்லை. அன்றிரவு மேற்கொண்டு பாடம் நடக்கவில்லை.