வெண்டர் பெட்டியில் போன இறக்கை

பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் ஓடிய மீட்டர் கேஜ் எலெக்ட்ரிக் டிரெயினில் நீங்களும் போயிருப்பீர்கள். பல்லாவரம் தாண்டியதும் தோல் ஷாப்பு வாடை குப்பென்று அடிக்கும். தூங்கிக்கொண்டிருப்பவர்கூட குரோம்பேட்டை வந்துவிட்டது என்று எழுந்து வேட்டியைச் சரிசெய்வார். ஊருக்குப் பேரே குரோம் லெதர் கம்பெனியால் வந்ததுதானே. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அந்த வாடை வந்தால் எனக்கு வயிற்றுக்குள் ஒரு சந்தோஷம் புரளும். இறங்கிக் கிழக்கே நடந்தால் சிட்லபாக்கம் ஏரி. 1983 கோடையில் அது பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மெட்ராஸே குடமும் கையுமாகத் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த வருடம். அந்தப் பொட்டலில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் மாடல் கிளைடர் விட்டோம்.

மாம்பலத்தில் எங்களுடையது ஒண்டுக் குடித்தனம். ஆறு குடும்பம், ஒரு கிணறு, மொட்டை மாடிக்கு ஒரே ஒரு இரும்புச் சுழல்படி. கல்கத்தாவிலிருந்து தபாலில் வந்த கிளைடர் கிட்டை அந்த மாடியில் உட்கார்ந்துதான் கட்டினேன். பால்சாப் பலகையில் ரிப்புகளின், அதாவது இறக்கையின் குறுக்குச் சட்டங்களின், வடிவம் அச்சாகியிருக்கும். பிளேடை இரண்டாக ஒடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கோட்டோடு கோடாக அறுக்க வேண்டும். இறக்கை ஐந்தடி, ஒரே துண்டு. கட்டி முடித்துத் தூக்கிக்கொண்டு வந்தால் படியில் திரும்பவில்லை. கயிறு கட்டி, பின்கட்டு மாமியின் துணிக்கொடிக்கு மேலாக இறக்கினோம். மாமி ஈரப்புடவைகளை எல்லாம் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வழிவிட்டார். அப்படிப் பத்திரமாகக் கீழே வந்த இறக்கை, அன்றைக்கே கிண்டியில் ஏறிய கூட்டத்தில் ஓரம் நசுங்கி ஒடிந்தது.

என்.சி.சி. ஏர் விங்கில் எங்களுக்கு ஏரோமாடலிங் சொல்லித்தந்த சார், ஒடிந்ததைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நடுவுல வெட்டுடா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "வெட்டினாத்தான் இது பொழைக்கும். கீழ விழுந்தா இறக்கை கழண்டுக்கணும். உடையக் கூடாது."

மூர் மார்க்கெட்டில் 3 மில்லிமீட்டர் உருக்குக் கம்பி கிடைத்தது. அது நுழைய பித்தளைக் குழாய் வேண்டுமே. தெருமுனை ரேடியோக் கடை அண்ணாச்சி, உடைந்த டிரான்சிஸ்டர் ஏரியலை அடுக்கடுக்காக உருவிப் போட்டு, கம்பியை ஒவ்வொன்றிலும் விட்டுப் பார்த்து, சரியாகப் பொருந்திய துண்டை எடுத்து நீட்டினார். காசு வாங்கவில்லை. "பறந்தா வந்து சொல்லு தம்பி" என்றார்.

நடு ரிப்பை எடுத்துவிட்டு இரண்டு பிளைவுட் ரிப் வைத்தேன். குழாயை இறக்கையின் நீளச் சட்டமான ஸ்பாரோடு சேர்த்து நூலால் நெருக்கமாகச் சுற்றி, அதன்மேல் அரால்டைட் பசை. அது இறுகும்வரை கம்பி உள்ளேயே இருக்க வேண்டும், ஆனால் ஒட்டிக்கொள்ளக் கூடாது. அதற்காகக் கம்பிக்கு மெழுகுவர்த்தியைத் தேய்த்தோம். பறவை சிறகு விரித்தாற்போல இறக்கை இரண்டு பக்கமும் லேசாக மேலே சாய்ந்திருந்தால்தான் காற்றில் புரளாது. அந்தச் சாய்வுக்குத் தகுந்தபடி கம்பியை நடுவில் வளைத்து, முனைகளுக்கு அடியில் ஒரே உயரத்துக்குப் பழைய தீபாவளி மலர்களை அடுக்கி ராத்திரி முழுக்க அப்படியே விட்டேன். தூக்கமே இல்லை. விடிந்ததும் இழுத்துப் பார்த்தால், க்ளக் என்று ஒரு சின்னச் சத்தத்தோடு கழன்று வந்தது. இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் இருக்கப் பின்னால் சைக்கிள் ஸ்போக்ஸ் துண்டு ஒன்று. இரண்டு பாதியையும் உடலோடு சேர்த்து இழுத்துப் பிடிக்கக் கொக்கியில் ரப்பர் பேண்ட். அவ்வளவுதான்.

இறக்கைமேல் டிஷ்யூ காகிதம் ஒட்டித் தண்ணீர் தெளித்தால், காயக் காய அது இறுகும். விரலால் தட்டினால் சின்ன மேளம்போல ஒலிக்கும். அதன்மேல் டோப் என்கிற வார்னிஷைப் பூசினால் வீடெல்லாம் கனிந்த வாழைப்பழ வாசனை. ஐப்பசி அடைமழையில் மட்டும் டோப்பைத் தொடவே கூடாது. ஈரக்காற்று பட்டால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிடும்.

அதற்கப்புறம் டிரெயினில் வெண்டர் பெட்டிதான் எங்களுக்கு. கொத்தவால் சாவடியிலிருந்து திரும்பும் காய்கறிக்கார அம்மாக்களுக்கு நடுவே, ஈரச் சாக்கும் கொத்தமல்லியும் மணக்க உட்கார்ந்து போவோம். "காத்தாடியா கண்ணு? கீரைக்கட்டு மேல வையி, நசுங்காது" என்று ஒரு ஆயா இடம் ஒதுக்குவாள். ஐந்தடி இறக்கை, துணிப்பையில் இரண்டரை அடியாக அடங்கிவிடும். ஏரிக்குள் இறங்கிச் செருகி, 50 மீட்டர் நூலைப் பிடித்துக்கொண்டு எதிர்காற்றில் ஓடினால், வெடித்த மண் செருப்புக்கடியில் நொறுங்கும். நூல் கழன்றதும் வரும் அந்த நிசப்தத்தைச் சொல்ல எனக்கு இன்னும் வார்த்தை இல்லை. ஒருமுறை கரையோரப் பனைமரத்தில் மோதியது. இறக்கைகள் தனித்தனியே கழன்று பொத்தென்று விழுந்தன. ஒரு கீறல் இல்லை. சார் கை தட்டினார்.

அந்த வருடம் நாங்கள் பறக்கவிட்ட கடைசி ஞாயிறு, சுமையைப் பங்கிட்டுக்கொண்டு திரும்பினோம். கூட வந்த நண்பன் கிளைடரின் உடலையும் இடது இறக்கையையும் எடுத்துக்கொண்டு சைதாப்பேட்டையில் இறங்கினான். மழை வந்தது, ஏரி நிறைந்தது. அவன் அப்பாவுக்கு மாற்றலாகி வடக்கே போய்விட்டார்கள். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தது. கொத்தவால் சாவடி 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனது. மீட்டர் கேஜ் 2004-இல் நின்றது. நாங்கள் ஓடிய ஏரியோரத்தில் இப்போது வீடுகள். ரேடியோக் கடை இருந்த இடத்தில் ஷட்டர் ஒன்று மூடியே கிடக்கிறது.

வலது இறக்கை என் பரணில் இருக்கிறது. டிஷ்யூ பொடிந்து ரிப்புகள் மட்டும். போன மாதம் இறக்கி, துருவைத் துடைத்து, அந்தக் கம்பியைச் செருகிப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் போகிறது.