கேள்வியை முழுசாகப் படிக்காத வாத்தியார்

கொஞ்சம் நீளமான பதிவு. டிவி பெட்டியில் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வைத்திருப்பவர்களும், ஹார்ட் டிஸ்க்கில் குடும்பப் படங்களைப் போட்டு பீரோவில் பூட்டி வைத்திருப்பவர்களும் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். நான் செய்த தப்பை நீங்கள் செய்யாமல் இருந்தால் போதும்.

பரீட்சை நாளில் வினாத்தாளைக் கொடுத்ததும் பிள்ளைகளிடம் தவறாமல் ஒன்று சொல்வேன். "கேள்விய முழுசா ரெண்டு தடவ படி. அப்புறம் பேனாவத் தொற." முப்பத்து மூன்று வருடம் இதைச் சொன்னவன், 2024 டிசம்பரில் ஒரு கேள்வியின் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு விடை எழுதினேன். ரிமோட்டில் ஒரே ஒரு பொத்தான். 'ஓகே'.

முதலில் இருந்து சொல்கிறேன்.

2013-இல் எங்கள் வீட்டுக்கு எச்டி டிடிஹெச் பெட்டி வாங்கினோம். பின்னால் யூஎஸ்பி துளை இருந்தது. அதில் ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்துகொள்ளலாம். 500 ஜிபி டிஸ்க் ஒன்று வாங்கிச் செருகினேன். "இதை ஃபார்மட் செய்ய வேண்டும், சரியா?" என்று பெட்டி கேட்டது. ஓகே கொடுத்தேன். புது டிஸ்க், உள்ளே ஒன்றும் இல்லை, நஷ்டமும் இல்லை. அன்றைக்குப் பிடித்த பழக்கம்தான் பதினொரு வருடம் கழித்து என் கையைச் சுட்டது.

2014 பொங்கலுக்கு ஒரு சேனலில் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டம் பாட்டம் காட்டினார்கள். எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் இருந்து எட்டுப் பிள்ளைகள் ஒயிலாட்டம் ஆடினார்கள். மொத்தம் பன்னிரண்டு நிமிடம். ஆடி முடித்ததும் ஒவ்வொரு பிள்ளையிடமும் மைக்கை நீட்டி, பெரியவனானதும் என்ன ஆவாய் என்று கேட்டார்கள். டாக்டர், கலெக்டர், போலீஸ் என்று வரிசையாக வந்தது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும், "பஸ் டிரைவர் ஆவேன். எங்கம்மாவ முன் சீட்டுல உக்கார வெச்சி பழனிக்குக் கூட்டிட்டுப் போவேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

2016-இல் அந்தப் பையன் சாலை விபத்தில் போய்விட்டான்.

அடுத்த வருடம் மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானம் அவன் அம்மா சின்ன மகளைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. "சார், புள்ள டிவியில பேசுனது உங்ககிட்ட இருக்குன்னு சொன்னாங்க. ஒருக்கா போட்டுக் காட்டுறீங்களா?" போட்டுக் காட்டினேன். அந்த வீட்டில் பையனின் போட்டோ இரண்டோ மூன்றோதான் உண்டு. அவன் பேசியதும் அசைந்ததும் என் டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது. அதற்குப் பிறகு வருடா வருடம் மாட்டுப் பொங்கலுக்கு அந்த அம்மா வரும். கரும்பு ஒரு கட்டு கொண்டு வரும். நாற்காலியில் உட்காராது, தரையில்தான் உட்காரும். பார்க்கும். என் வீட்டுக்காரி கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டுப் போகும். கொரோனா நேரத்திலும் முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்தது.

இப்படி ஒரு பொருளைத்தான் நான் காபந்து பண்ணிக்கொண்டிருந்தேன்.

பழைய பெட்டி சூடேறி அடிக்கடி நின்றுபோக ஆரம்பித்தது. டிசம்பரில் புதுப் பெட்டி மாற்றினோம். மாட்ட வந்த தம்பியிடம், "இந்த டிஸ்க்க இதுல போட்டுக்கலாமா?" என்று கேட்டேன். "போட்டுக்கலாம் சார்" என்றார். அவர் சொன்னது டிஸ்க்கைப் பற்றி. நான் கேட்டது உள்ளே இருந்த பதிவுகளைப் பற்றி. இரண்டும் வேறு என்று இரண்டு பேருக்கும் அப்போது தோன்றவில்லை.

சாயந்திரம் டிஸ்க்கைப் புதுப் பெட்டியில் செருகினேன். திரையில் ஆங்கிலத்தில் மூன்று வரி வந்தது. இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும் என்றது முதல் வரி. அதோடு நிறுத்தி ஓகே கொடுத்தேன். உள்ளே இருக்கும் எல்லாம் அழிந்துவிடும் என்றது இரண்டாவது வரி. தொடரலாமா என்றது மூன்றாவது வரி. அந்த இரண்டையும் மறைவதற்குள் அரைகுறையாகத்தான் பார்த்தேன். இருபது விநாடி கூட ஆகவில்லை. பதிவுகளின் பட்டியலைத் திறந்தேன். வெறுமையாக இருந்தது.

பதறிப்போய் ஏதேதோ பொத்தானை அழுத்தினேன். அரை மணி நேரம் அப்படியே போனது. பிறகு டிஸ்க்கைப் பிடுங்கிப் பழைய பெட்டியில் செருகினால், அதுவும் ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது. மடிக்கணினியில் செருகினால் அதுவும் அதையே கேட்டது. நல்லவேளை, அந்த இரண்டு இடத்திலும் 'வேண்டாம்' கொடுத்துவிட்டேன். பட்ட பிறகு வந்த புத்தி.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மாணவன் ஒருவன் டவுனில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். மறுநாள் காலையிலேயே டிஸ்க்கை எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன். அவன் பொறுமையாக விளக்கினான். எனக்குப் புரிந்த விதத்தில் உங்களுக்குச் சொல்கிறேன்.

ஃபார்மட் என்பது நோட்டுக்குக் கோடு போடுவது மாதிரி. ஆங்கிலத்துக்கு நாலு கோடு நோட்டு, கணக்குக்குக் கட்டம் போட்ட நோட்டு என்று பிள்ளைகளுக்கு வாங்கச் சொல்வோம் இல்லையா? விண்டோஸ் கம்ப்யூட்டர் பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் என்ற கோட்டில் எழுதும். எக்ஸ்ஃபேட் என்று ஒன்று உண்டு, அதை விண்டோஸ், மேக் இரண்டும் படிக்கும். ஃபேட்32 பழைய வகை. எங்கே செருகினாலும் அநேகமாகப் படிக்கும், ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு அதில் போகாது. டிவி பெட்டிகள் பலவும் தங்களுக்கென்று வேறு வகைக் கோடு போட்டுக்கொள்ளும். தனக்குத் தெரியாத கோட்டைப் பார்த்தால், "இந்த நோட்டு சரியில்லை, புதுசாகக் கோடு போடட்டுமா?" என்று எந்த இயந்திரமும் கேட்கும். நோட்டில் எழுத்து இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியவன் நான்.

"இருபது செகண்டுல அத்தனையும் எப்படிப்பா அழியும்?" என்று கேட்டேன். "அழியல சார். உங்க பாஷையில சொல்றேன். அட்டெண்டன்ஸ்ல பேர அடிச்சிட்டீங்க. பையன் கிளாஸ்லதான் உக்காந்திருக்கான். ஆனா அந்த எடத்துல வேற பையன உக்கார வெச்சிட்டா, இவன் எழுந்து போயிடுவான்" என்றான். அவசரமாகச் செய்யும் ஃபார்மட் பதிவேட்டைத்தான் புதுசாக்கும், பழையது அப்படியே கிடக்கும், அதன்மேல் வேறு எழுதினால்தான் போகும். எங்கள் புதுப் பெட்டியில் ஓடும் நிகழ்ச்சியை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் வசதி உண்டு. அதற்காக அது டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருக்குமாம். நான் பதறிக்கொண்டிருந்த அந்த அரை மணி நேரமும் அது எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

இரண்டு நாள் டிஸ்க்கை வைத்துக்கொண்டு மீட்டுப் பார்த்தான். ஏதோ துண்டுகள் கிடைத்தன. ஒன்றும் ஓடவில்லை. பதிவு செய்யும்போதே பெட்டி அதற்குப் பூட்டுப் போட்டுவிடுகிறது. பூட்டும் சாவியும் அந்தந்தப் பெட்டிக்கே சொந்தம். பக்கத்து வீட்டில் இதே கம்பெனிப் பெட்டி இருந்தாலும் ஓடாது. அதாவது, நான் ஃபார்மட் செய்யாமலே இருந்திருந்தாலும் புதுப் பெட்டியில் அந்தப் பதிவு ஓடியிருக்காது. ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு டிஸ்க்கை மாற்றி நிகழ்ச்சியைக் கொண்டுபோகலாம் என்று நான் நினைத்ததே தப்பு.

"அப்ப என்னதான் செஞ்சிருக்கணும்?" என்றேன்.

"டிஸ்க்க பழைய பெட்டியிலயே விட்டிருக்கணும் சார். பெட்டிக்குப் பின்னால மஞ்சள், வெள்ளை, சிவப்புன்னு மூணு ஒயர் வரும்ல, அத ஒரு கேப்சர் கருவி வழியா கம்ப்யூட்டர்ல குடுத்து, நிகழ்ச்சிய ஓட விட்டுப் பிடிச்சிருக்கலாம். பன்னெண்டு நிமிஷ நிகழ்ச்சிக்குப் பன்னெண்டு நிமிஷம். அவ்வளவுதான்."

பன்னிரண்டு நிமிடம். பதினொரு வருடத்தில் எனக்கு அந்தப் பன்னிரண்டு நிமிடம் கிடைக்கவில்லை.

பொங்கலுக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த அம்மா கரும்போடு வந்து தரையில் உட்கார்ந்த பிறகு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. முன்கூட்டியே போய்ச் சொல்லிவிடுவோம் என்று டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொண்டு போனேன். நூறு நாள் வேலை முடிந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தது. "வாங்க சார்" என்று முந்தானையால் திண்ணையைத் துடைத்துவிட்டது. நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். எப்படி அழிந்தது, யார் தப்பு, எல்லாம் சொன்னேன். என் தப்புதான் என்று இரண்டு தடவை சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நீங்க வேணும்னா செஞ்சீங்க சார்? விடுங்க" என்றது. நான் திட்டு வாங்கவே போயிருந்தேன். அந்த 'விடுங்க' திட்டை விடப் பெரிதாக இருந்தது.

சின்ன மகள் உள்ளேயிருந்து வந்தாள். இப்போது நர்சிங் முதல் வருடம் படிக்கிறாள். "சார், எங்கிட்ட இருக்கு" என்றாள். எனக்குப் புரியவில்லை. "2022 பொங்கலுக்கு வந்தப்ப போன்ல எடுத்தேனே, நீங்ககூடத் திட்டினீங்களே."

கொரோனாவில் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய போன் அது. அண்ணன் பேசும் இடம் வரும்போது என் டிவிக்கு நேரே போனை நீட்டிப் படம் பிடித்திருக்கிறாள். அதைத் தனக்குத்தானே வாட்ஸ்அப்பில் அனுப்பியும் வைத்திருக்கிறாள். போட்டுக் காட்டினாள். ஒரு நிமிடம் நாற்பது விநாடி. படம் கொஞ்சம் கோணல். ஜன்னல் வெளிச்சம் டிவி கண்ணாடியில் விழுகிறது. எங்கள் வீட்டு ஃபேன் சத்தம், அடுப்படியில் குக்கர் விசில். இத்தனைக்கும் நடுவில் பையன் குரல் தெளிவாகக் கேட்கிறது. "எங்கம்மாவ முன் சீட்டுல உக்கார வெச்சி..."

கடைசியில் இன்னொரு குரலும் கேட்கிறது. "எதுக்கும்மா டிவியப் போயி படம் புடிக்கிற? இங்கதான் பத்திரமா இருக்குல்ல?"

அது என் குரல்.

தலை குனிந்து நின்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டது. "கடேசில சார் திட்டுறது வெட்டிடாதடி, அது இருக்கட்டும்" என்று மகளிடம் சொன்னது.

அந்த ஒயிலாட்டம் போய்விட்டது. மற்ற ஏழு பிள்ளைகள் பேசியதும் போய்விட்டது. அவர்களில் ஒருத்தி போன மாதம் போனில், "என் மகளுக்குக் காட்டணும் சார்" என்று கேட்டாள். அவளிடமும் உண்மையைச் சொன்னேன். மிஞ்சியது அந்த ஒரு நிமிடம் நாற்பது விநாடிதான். அது இப்போது அந்தப் பெண்ணின் போனிலும், மாணவன் கடைக் கம்ப்யூட்டரிலும், என் மடிக்கணினியிலும், அம்மா கையில் கொடுத்த சின்ன பென்டிரைவிலும் இருக்கிறது. பென்டிரைவை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்து கொடுத்தோம். இந்தத் தடவை அது காலிதானா என்று திறந்து பார்த்துவிட்டு, கேள்வியை இரண்டு தடவை படித்துவிட்டு ஓகே கொடுத்தேன். மாட்டுப் பொங்கலுக்கு அந்த அம்மா வழக்கம்போல் கரும்போடு வந்தது. பென்டிரைவை மடியில் முடிந்து கொண்டு வந்திருந்தது. எங்கள் டிவியில் செருகிப் பார்த்தோம்.

நண்பர்களே, நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன்.

எந்தப் பெட்டி ஃபார்மட் கேட்டாலும் முதலில் 'வேண்டாம்' கொடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு யோசிக்கலாம். புதுப் பெட்டிக்குப் புது டிஸ்க் வாங்குங்கள். பழைய பெட்டியையும் அதன் டிஸ்க்கையும் பிரிக்காதீர்கள். வேண்டிய நிகழ்ச்சி இருந்தால் பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே ஓட விட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். தவறிப்போய் அழித்துவிட்டால் அந்த நிமிடமே டிஸ்க்கைக் கழற்றுங்கள், மேற்கொண்டு எதையும் எழுத விடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்பினால் தரம் குறையாது. முக்கியமாக, ஒரே இடத்தில் இருப்பதைப் பத்திரமாக இருப்பதாக நினைக்காதீர்கள்.

உங்கள் வீட்டில் ஒரு சின்னப் பெண் டிவியைப் போனில் படம் பிடித்தால் திட்டாதீர்கள். ஃபேனை மட்டும் அணைத்துவிடுங்கள்.