இரண்டு முகத்துவாரங்கள்

பழவேற்காட்டை அடுத்த லைட் ஹவுஸ் குப்பத்தில் நண்பர்கள் நால்வரும் கழித்த ஒரு பகல் இன்னும் எங்கள் மனத்தை விட்டு அகலவில்லை. வடக்கே இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவைப் பற்றிய பேச்சோடுதான் அன்று கரையில் அமர்ந்தோம்.

2016 ஆகஸ்ட் 28 காலை 6 மணிக்கு அங்கிருந்து 3,277 கிலோ எடையுள்ள ராக்கெட் ஒன்று கிளம்பியது. அது சுமந்து சென்ற ஸ்கிராம்ஜெட் எஞ்சின்கள் சுமார் 20 கிலோமீட்டர் உயரத்தில், ஒலியைப்போல் ஆறு மடங்கு வேகத்தில், 5 விநாடிகள் எரிந்தன. வழக்கமான ராக்கெட், எரிபொருளோடு அதை எரிப்பதற்கான ஆக்சிஜனையும் சுமந்தாக வேண்டும். இந்த எஞ்சினோ ஹைட்ரஜனை மட்டுமே கொண்டுபோகிறது. ஆக்சிஜனை வழியிலுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

ஆகவே காற்று நுழையும் வாயின் வடிவமே இதில் முதல் சவால். சாதாரண ஜெட் எஞ்சினில் காற்றை அழுத்தச் சுழலும் தகடுகள் உண்டு. இதில் அவை இல்லை. வாயின் சரிவுகளில் எழும் அதிர்வலைகளே காற்றை நெருக்கி அழுத்த வேண்டும். வழியை அகலமாக விட்டால் அழுத்தம் போதாது. மிகவும் குறுக்கினாலோ உள்ளே செல்ல இடமின்றி அதிர்வலை வெளியே தள்ளப்படும். எஞ்சின் மூச்சடைத்துப் போகும்.

மணலில் கோடிழுத்து இதை நாங்கள் விவாதித்துக்கொண்டிருக்க, அருகில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார்.

"எங்க ஏரிக்கும் இதே கததான் தம்பிங்களா. முகத்துவாரம் தூந்துபோச்சின்னா கடத்தண்ணி ஏறாது, எறா வராது. வாய் அடச்சா வயிறும் அடச்சிக்கும்."

ஏரியில் வலை கட்டும் இடங்களை இங்குள்ளவர்கள் குலுக்கல் போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். அந்த முறைக்குப் 'பாடு' என்று பெயர். நீரோட்டம் நின்றுவிட்டால், குலுக்கலில் நல்ல பாடு விழுந்தும் பயனில்லை. ராக்கெட் ஏவும் நாள்களிலோ கடலுக்குப் போகக்கூடாதென்ற அறிவிப்பு வந்துவிடும். அன்றைய வருமானமும் அதோடு சரி.

ராக்கெட்டின் மீது அவருக்குக் கோபமில்லை. பேரப்பிள்ளைகளோடு கரையில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்தான். வலையிலிருந்து கண்ணெடுக்காமல் அவர் ஒன்று கேட்டார்:

"அஞ்சு செகண்டு தெறந்து நிக்கிற வாய்க்கே இத்தன கணக்குன்னா, வருசம் முச்சூடும் தெறந்து நிக்கணுமே எங்க வாய், அதுக்கு எத்தன கணக்கு வேணும்?"

விளக்கிச் சொல்ல வந்தவர்கள் நாங்கள். அலையும் ஓதமும் ஓயாமல் மணலை இடம் மாற்றும் அந்த வாயைப் பற்றி எங்களிடம் ஒரு கோடுகூட இருக்கவில்லை.