கூடம் கோணல்

“ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பது எம் முன்னோர் வாக்கு. வகுப்பறையில் இப்பழமொழியை நாம் எத்தனை முறை எடுத்தாண்டிருப்போம் என்பதற்குக் கணக்கே இல்லை. பேனை எழுதவில்லை, அடிமட்டம் வளைந்துவிட்டது, மேசை ஆடுகிறது என்று மாணாக்கர் கூறும் சாக்குகளுக்கெல்லாம் அஃதொன்றே எமது விடை. ஆயினும், கூடமும் சில வேளைகளில் உண்மையாகவே கோணலாயிருத்தல் கூடும் என்பதை அண்மையில் எமது மகளிடமே நாம் கற்றுக்கொள்ள நேர்ந்தது.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கொள்ளைநோய் காரணமாக நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. கரும்பலகை இல்லாமற் பௌதிகம் கற்பிப்பது எங்ஙனம்? கடன்பட்டுத் திரைப்பலகை ஒன்றை வாங்கினோம். அதனைக் கணினியோடு இணைத்து, மையில்லாத பேனை ஒன்றினால் அதன் திரைமீது எழுதினால், எழுதுவன எல்லாம் மாணாக்கரின் திரையிலும் தோன்றும். பாடசாலைகள் மீளத் திறந்தபின் அப்பலகை எம் மகளின் கைக்குப் போயிற்று. அவளுக்குச் சித்திரத்தில் மிகுந்த ஆர்வம். எமது வகுப்புக்கு வேண்டிய கப்பி, நெம்பு, சாய்தளம் முதலியவற்றின் படங்களையும் அவளே வரைந்து தருவாள்.

ஒருநாள் அவள் வரைந்த கப்பிப் படத்தைப் பார்த்தோம். வட்டங்கள் யாவும் வலது கீழ்ப்புறத்தில் ஒரே மாதிரி நெளிந்திருந்தன.

“என்ன பிள்ளை, வட்டம் ஏன் இப்படிக் கோணுது?” என்றோம்.

“அந்த இடத்திலை பேனை இழுபடுது, அப்பா. நடுவுக்கு வந்தால் வழுக்குது.”

உடனே எம் வாயிலிருந்து அந்தப் பழமொழி வந்துவிட்டது. அவள் மறுமொழி சொல்லவில்லை. பலகையைத் துணியாற் சுற்றி அலுமாரியின்மேல் வைத்தாள். பத்து நாள்களாக அதனை அவள் தொடவேயில்லை. படம் வரையும் பிள்ளை படம் வரையாதிருந்தால் வீட்டில் ஓர் அமைதி உண்டாகிறது, அவ்வமைதி நல்லதன்று. எம் மனையாள்தாம் இறுதியில், “நீங்கள் ஒருக்கால் அதிலை கீறிப் பார்த்தனீங்களோ?” என்று கேட்டார். நாம் பார்க்கவில்லை என்பதே உண்மை.

அன்றிரவு பலகையை இறக்கி, மேலிருந்து கீழாகப் பல கோடுகள் இழுத்தோம். நடுப்பகுதியிற் பேனை பனிக்கட்டிமேற் போவதுபோல ஓடிற்று. வலது கீழ்ப்புறத்தை அடைந்ததும் தயங்கி நின்று, பின்னர் ஒரு துள்ளுத் துள்ளியது. எனினும், குற்றம் பலகையினதா, பழகாத எம் கையினதா என்ற ஐயம் நீங்கவில்லை. அப்போது மகள் அருகில் வந்தாள். ஒரு சொல்லும் பேசாமற் பலகையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். “இப்ப கீறிப் பாருங்கோ” என்றாள்.

கீறினோம். பேனை இப்போது இடது மேற்புறத்தில் தயங்கியது. குற்றம் கையினதாயின் அது கையோடு நிற்க வேண்டும். பலகையோடு அதுவும் திரும்பியமையாற் குற்றம் பலகையினதே. பௌதிக ஆசிரியராகிய எமக்குத் தோன்றாத பரிசோதனை அது.

உராய்வின் விதிகளை 1699இல் அமொந்தன் என்னும் பிரெஞ்சு அறிஞர் வெளியிட்டார். 1785இற் கூலோம் அவற்றை மேலும் விரிவாக ஆராய்ந்தார். நிற்கும் பொருளை நகர்த்தத் தொடங்குவதற்கு வேண்டிய விசை, நகரும் பொருளைத் தொடர்ந்து நகர்த்துவதற்கு வேண்டியதிலும் பொதுவாகப் பெரிது என்று ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். பேனை தயங்கிப் பின் துள்ளியதற்குக் காரணம் அதுவே. உராய்வு எங்கும் ஒரே அளவாக இருந்தால், கூடினாலும் குறைந்தாலும் கை பழகிக்கொள்ளும். இடத்துக்கு இடம் அது மாறும்போதுதான் கை ஏமாறுகிறது. விரல்கள் ஒரு விசைக்கு ஆயத்தமாயிருக்க, திரை வேறொரு விசையைக் கேட்கின்றது.

அடுத்த சனிக்கிழமை தந்தையும் மகளுமாகத் திருத்த வேலையில் இறங்கினோம். ஒரே நேரத்திற் பலவற்றை மாற்றினால் எது பயன் தந்தது என்று அறிய இயலாதாகையால், ஒவ்வொன்றாகவே மாற்றினோம். முதலிற் பேனையின் முள்ளைக் கைவில்லையாற் பார்த்தோம். அந்தப் பிளாத்திக்கு முள் ஒரு பக்கம் தேய்ந்து, உளிபோல விளிம்பு பிடித்திருந்தது. பெட்டியினடியிற் கிடந்த புதிய முள்ளைப் பொருத்தியதும், சாய்கோடுகளிற் கேட்ட கீச்சொலி நின்றது, நெளிவு நிற்கவில்லை.

இரண்டாவதாக, மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு, மென்துணியை நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து திரையைத் துடைத்தோம். நீரைத் திரைமீது நேரே ஊற்றலாகாது. மதுசாரமும் சில திரைகளின் மேற்பூச்சைக் கெடுக்கும். உள்ளங்கை ஊன்றும் வலது கீழ்ப்புறத்தில், வியர்வையும் எண்ணெய்ப்பசையும் தூசியும் சேர்ந்து ஒரு படலமாகப் படிந்திருந்தன. அது நீங்கியதும் இழுபடுதலும் நீங்கிற்று.

நடுவில் வழுக்குதல் மட்டும் எஞ்சியது. திரைமேல் ஒட்டியிருந்த சொரசொரப்பான மெல்லிய உறையை விளக்கொளியிற் சாய்த்துப் பார்த்தோம். ஓரங்கள் மங்கலாயிருக்க, நடுப்பகுதி மட்டும் பளபளத்தது. நாம் நாள்தோறும் எழுதி எழுதி அதன் நுண்ணிய மேடுகளைத் தேய்த்திருந்தோம். தேய்ந்த மேட்டைத் துடைத்து மீட்க முடியாது. மின்விசிறியை நிறுத்தி, பழைய உறையை ஒரு மூலையிலிருந்து மெல்ல உரித்து, தூசி அகற்றிப் புதிய உறையை ஒட்டினோம். இப்போது மகள் சிறுவிரலையும் மோதிரவிரலையும் மறைக்கும் கையுறை ஒன்றை அணிந்தே வரைகிறாள். கையின் பசை திரையிற் படிவதில்லை.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நாம் இதனை எழுதியிரோம். திங்கட்கிழமை ஆய்வுகூடத்தில் சாய்தளப் பலகையைக் கண்டதும் எமக்கு ஒரு நினைவு எழுந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன், மரக்கட்டை வழுக்கத் தொடங்கும் கோணம் பலகையின் நடுவில் ஒன்றும் ஓரத்தில் வேறொன்றுமாக வருகிறது என்று எழுதியிருந்தான். கவனக்குறைவு எனச் சிவப்பு மையால் எழுதி, அவன் விடையை வெட்டிவிட்டோம். அன்று அப்பலகையை யன்னலோரம் கொண்டு சென்று பார்த்தோம். எத்தனையோ ஆண்டு மாணாக்கர் கட்டையை ஓடவிட்டதனால் நடுப்பகுதி மெருகேறி மின்னிற்று. கட்டையை வைத்தும் பார்த்தோம். நடுவிற் சிறிய கோணத்திலேயே வழுக்கிற்று. அவன் கண்டது மெய்; எழுதியதும் மெய். அவன் இப்போது எங்கிருக்கின்றான் என்று அறியோம்.

மகளிடம் மன்னிப்புக் கேட்க முடிந்தது. “பிழை எங்களிலைதான் பிள்ளை” என்றோம். அவள் சிரித்துவிட்டு, கப்பியின் வட்டத்தை மறுபடி வரையத் தொடங்கினாள். அம்மாணவனிடம் கேட்பதற்கோ வழியில்லை. ஆகவே, அப்பலகையை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கின்றோம். இப்பரிசோதனைக்கு வரும் ஒவ்வொரு வகுப்பாரிடமும், நடுவிலும் ஓரத்திலும் தனித்தனியே அளந்து, வேறுபாட்டுக்குக் காரணம் எழுதுமாறு கேட்கின்றோம். பழமொழியை நாம் முற்றாகக் கைவிட்டோமல்லோம். அதனைச் சொல்லுமுன் கூடத்தை ஒரு முறை அளந்து பார்க்கின்றோம்.