சக்கரத்தைப் பிடி என்று சொன்னது நான்தான்

அந்தப் பையனின் கை ஒடிந்ததற்கு நான்தான் காரணம். காப்பீட்டுக்காரர்களிடம் வேறு மாதிரி எழுதிக் கொடுத்தேன். துறைமுகத்து மதுக்கடையில் வேறு மாதிரி பேசினேன். ஓர்காத் திமிங்கிலங்களை ஆராய்கிறவர்களுக்கு நிரப்பி அனுப்பிய படிவத்தில் இன்னொரு மாதிரி. மூன்று இடத்தில் மூன்று பொய். மூன்றிலும் எனக்கு மட்டும் குற்றமில்லை.

பாய்ப்படகுகளை ஒரு துறைமுகத்திலிருந்து இன்னொரு துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் தொழில். வாங்கியவர் ஓர் ஊரில் இருப்பார், படகு வேறு ஊரில் நிற்கும். இடையில் இருக்கும் கடல் எங்கள் பாடு. இதற்கு முன் பல வருஷம் சரக்குக் கப்பலில் இருந்தேன். தூத்துக்குடியில் கப்பல் பார்த்து வளர்ந்தவன். இருநூறு மீட்டர் கப்பலின் மேல்தளத்தில் நின்று கடலைப் பார்த்துப் பழகியவனுக்குப் பன்னிரண்டு மீட்டர்ப் படகைப் பார்த்தால் ஓர் இளக்காரம் வரும். எனக்கு வந்தது. அதை அனுபவம் என்று சொல்லிக்கொண்டேன்.

2024 ஜூன் மாதம். லிஸ்பனிலிருந்து மயோர்க்கா தீவின் பால்மாவுக்கு ஒரு படகு. கூட வந்தது ஒரு போர்த்துக்கீசப் பையன். இருபதைத் தாண்டி ஒன்றிரண்டு வயதுதான் இருக்கும். சம்பளத்துக்கு வந்த முதல் பயணங்களில் ஒன்று அவனுக்கு. கவனமானவன். புறப்படுமுன் ஓர்கா எச்சரிக்கைகளையெல்லாம் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, வரைபட மேசையின் மேல் ஒட்டிவைத்தான். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

எனக்குத் தெரியாத விஷயமா அது? அந்தக் கடலில் போகிற எல்லோருக்கும் தெரியும். 2020 கோடையில் தொடங்கியது. ஜிப்ரால்டர் நீரிணையிலும், வடக்கே கலீசியா கடலோரத்திலும், ஓர்காக்கள் பாய்ப்படகுகளின் பின்னால் வந்து சுக்கானை முட்டித் தள்ளின. பல படகுகளின் சுக்கான் ஒடிந்தது. ஸ்பானிய அரசு அந்த வருஷமே கலீசியா கடலின் ஒரு பகுதியில் சிறிய பாய்ப்படகுகள் போகக் கூடாது என்று தடை போட்டது. 2022ல் போர்ச்சுகல் கடலில் படகுகள் மூழ்கின. 2023ல் பார்பாத்தேக்கு அருகே ஒன்று, மொராக்கோவின் டாஞ்சியர் மெட் துறைமுகத்துக்கு வெளியே ஒன்று. நாங்கள் புறப்பட்டதற்கு முந்தைய மாதம்தான் ஸ்பார்ட்டல் முனைக்கு அருகே பதினைந்து மீட்டர்ப் படகு ஒன்று போனது. அதில் இருந்த இருவரையும் அந்த வழியே வந்த எண்ணெய்க் கப்பல் தூக்கிக்கொண்டது.

பையன் ஒட்டிய தாளில் இருந்தது சுருக்கமானது. கரையோரமாகப் போ. இருபது மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் போ. அவை வந்துவிட்டால் நிற்காதே, எஞ்சினைப் போட்டு ஆழம் குறைந்த பக்கம் நகர்ந்துவிடு. சுக்கானைத் திருப்பும் சக்கரத்தின் பக்கம் போகாதே, கையை வைக்காதே.

இதில் ஒன்றையும் நான் செய்யவில்லை.

கரையோரமாகப் போவது எளிதல்ல என்பது உண்மை. வசந்தத்திலும் கோடையிலும் கோனில், பார்பாத்தே, தரிஃபா கடற்கரைகளுக்கு வெளியே அல்மத்ராபா வலைகள் கிடக்கும். நீலத்துடுப்பு சூரையைப் பிடிக்க நங்கூரமிட்டுக் கட்டிய பெரிய வலைச்சுவர்கள். ஃபினீசியர் காலத்திலிருந்து அங்கே அப்படித்தான் மீன் பிடிக்கிறார்கள். அந்தச் சூரையைத் தேடித்தான் ஓர்காக்களும் வருகின்றன. வலைகளைச் சுற்றிக் கரையை ஒட்டிப் போக வேண்டுமானால் பகல் வெளிச்சம் வேண்டும், பொறுமை வேண்டும். காதிஸில் ஒரு நாள் தங்கி, காலையில் கிளம்பியிருக்கலாம். ஆனால் மறுநாள் மதியத்துக்கு மேல் லெவாந்தே என்கிற கிழக்குக் காற்று நீரிணையில் எழும் என்று வானிலை அறிக்கை சொன்னது. அது பிடித்துக்கொண்டால் நாள் கணக்கில் உட்கார வேண்டியதுதான். என் கூலி மொத்தத் தொகை. உட்காரும் ஒவ்வொரு நாளின் துறைமுகக் கட்டணமும் என் பையிலிருந்து போகும்.

இதைப் பையனிடம் சொல்லவில்லை. “இரவோடு இரவாக வெளியே சுற்றிப் போய்விடலாம், வலைத் தொல்லை இருக்காது” என்றேன். அவன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “சரி, கேப்டன்.”

காலை ஏழு மணி இருக்கும். டிரஃபால்கர் முனையைத் தாண்டியிருந்தோம். ஆழமானியில் அறுபது மீட்டருக்கு மேல். எஞ்சின் ஓடியது, பெரிய பாய் மட்டும் ஏற்றியிருந்தது. பையன் சக்கரத்தில் நின்றான். நான் காபியோடு மேலே வந்தேன்.

சக்கரம் தானாக இடப்பக்கம் இழுத்தது. பையன் திருப்பிப் பிடித்தான். மறுபடி இழுத்தது. பின்பக்கம் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். படகுக்கு அடியில் ஒன்று மல்லாந்து கிடந்து, தலையால் சுக்கானைத் தள்ளிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு மேல் இருக்கும் வெள்ளைத் திட்டைத்தான் முதலில் கண் என்று நினைத்தேன். உண்மையான கண் அதற்குக் கொஞ்சம் முன்னால், கீழே, கறுப்புக்குள் கறுப்பாக இருந்தது. அது என்னைப் பார்த்தது என்று எழுத ஆசைதான். பார்க்கவில்லை. அதற்குச் சுக்கான்தான் வேண்டியிருந்தது. பக்கத்தில் இன்னொன்று, உருவத்தில் சின்னது. சற்றுத் தள்ளி வேறொரு முதுகு.

“கரைப்பக்கம் திருப்பட்டுமா, கேப்டன்? முழு வேகம் கொடுக்கட்டுமா?”

சரியான கேள்வி. அச்செடுத்த தாளில் இருந்ததைத்தான் அவன் கேட்டான். எனக்கு அந்த நேரத்தில் பயம் வந்துவிட்டிருந்தது. பயந்தது அவனுக்குத் தெரியக் கூடாது என்ற பயமும் சேர்ந்துகொண்டது. கரைப்பக்கம் திருப்பினால் அவன் ஒட்டிய தாள் சொன்னது சரி என்று ஆகிவிடும். ஆமாம், அந்த நிமிஷத்தில் இதைத்தான் நினைத்தேன்.

“நேராகப் பிடி. கையை எடுக்காதே” என்றேன்.

சொல்லிவிட்டுக் கீழே போனேன். என் பையின் அடியில் வெடிகள் இருந்தன. நம் ஊர் அணுகுண்டு வெடி மாதிரி தடித்தவை, தண்ணீருக்குள்ளும் வெடிக்கும் ரகம். தீக்குச்சியை உரச முடியாதபடி கை நடுங்கியது. பையனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பற்றவைத்தேன்.

ஓர்கா ஒலியால்தான் கடலைப் பார்க்கிறது. ஒலியை அனுப்பி, திரும்பி வருவதைக் கேட்டு, இரையையும் துணையையும் அடையாளம் காண்கிறது. சுக்கானிலிருந்து ஒரு கை நீளத்தில் தலையை வைத்திருந்த அந்தப் பிராணியின் பக்கத்தில் வெடியைப் போட்டேன். திமிங்கில இனங்களைத் துன்புறுத்துவது 2007ஆம் வருஷத்து அரசாணைப்படி ஸ்பெயினில் தடை. இபீரியக் கரையோர ஓர்காக் கூட்டம் அழிவின் விளிம்பில் இருப்பதாக 2019லேயே பட்டியலில் ஏறிவிட்டது. மொத்தமே நாற்பதுக்கும் குறைவு என்று கணக்கு. அதில் படகுகளிடம் வருபவை பதினைந்து போல. அந்தச் சின்னது அவற்றில் ஒன்று. வெடித்ததும் அது பக்கவாட்டில் புரண்டு, நீரில் கோணலாகச் சரிந்து போனது. பெரியது அதன் பின்னாலேயே போனது.

பிறகு அமைதி. சக்கரம் ஆடவில்லை. சில நிமிஷங்கள் அப்படியே இருந்தது. இந்தச் சில நிமிஷங்களைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும். கரைப்பக்கம் திரும்ப நேரம் இருந்தது. பாயை இறக்க நேரம் இருந்தது. “போதும், கையை எடு” என்று மூன்று சொல் சொல்ல நேரம் இருந்தது. நான் பையனின் தோளைத் தட்டி, “பார்த்தாயா?” என்றேன். அவன் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்தபடிதான் நின்றான். நான் சொன்னதைச் செய்துகொண்டிருந்தான்.

திரும்பி வந்தன. வெடி போட்ட கோபத்தில் வந்தன என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் பழி மறுபடி அவற்றின் மேல் போகும். வந்தன, அவ்வளவுதான். ஒரே முட்டில் சுக்கான் முழுதும் ஒரு பக்கம் திரும்பியது. சக்கரம் சுழன்றது. பையனின் வலது முன்கை ஆரக்கால்களுக்கு இடையே போய்விட்டது. அவன் கத்தவில்லை. உட்கார்ந்தான். கை மணிக்கட்டுக்கு மேலே இருக்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. அவன் அதை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, “சாரி, கேப்டன்” என்றான். சக்கரத்தை விட்டுவிட்டதற்காக.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாப் படகிலும் நடப்பதுதான். சுக்கான் ஒடிந்தது, அதன் தண்டு வழியாகத் தண்ணீர் கசிந்தது, பம்பைப் போட்டேன், பதினாறாம் அலைவரிசையில் கூப்பிட்டேன். மீட்புப் படகு வந்து பார்பாத்தேக்கு இழுத்துப் போனது. சுக்கான் ஒடிந்ததும் ஓர்காக்கள் போய்விட்டன.

அன்று இரவு மதுக்கடையில் நான் கதாநாயகன். ஒடிந்த சுக்கானின் படத்தைக் கைபேசியில் எல்லோரும் பார்த்தார்கள். கூட்டமாக வந்து தாக்கின, பழிவாங்குகின்றன, மனிதர்கள் மேல் வெறி என்றெல்லாம் அடித்துவிட்டேன். படகுக்காரர்களுக்குக் கேட்கப் பிடித்த கதை அது. 2023லேயே விஞ்ஞானிகள் பலர் சேர்ந்து பகிரங்கமாகக் கடிதம் எழுதியிருந்தார்கள், இதைத் தாக்குதல் என்றும் பழிவாங்கல் என்றும் சொல்லாதீர்கள் என்று. இளம் ஓர்காக்களின் விளையாட்டாக, கூட்டத்துக்குள் பரவிய ஒரு பழக்கமாக இருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து. இத்தனை வருஷத்தில் ஓர்காக்கள் எந்த மாலுமியையும் கொன்றதில்லை. அந்தக் கடிதத்தையும் நான் படித்திருந்தேன். மேசையில் ஒருவர், வேறொரு படகின் கேப்டன், வெடி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். மிச்சமிருந்ததை அவருக்குக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை, பெருந்தன்மையாம். அதை அவர் எங்கே எந்தத் தலைக்குப் பக்கத்தில் போட்டிருப்பார் என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

இரண்டாவது பொய் படிவத்தில். அட்லாண்டிக் ஓர்கா ஆய்வுக் குழு இந்தச் சந்திப்புகளை மாலுமிகள் சொல்வதை வைத்துத்தான் தொகுக்கிறது. எங்கே, எந்த ஆழத்தில், எஞ்சின் ஓடியதா, நீங்கள் என்ன செய்தீர்கள்? ஆழம் இருபது என்று போட்டேன். இடத்தையும் அதற்கேற்பக் கரைப்பக்கம் நகர்த்தினேன். செய்தது: ஒன்றுமில்லை. எழுதும்போது சின்னப் பொய்யாகத்தான் தெரிந்தது. ஆனால் வரைபடத்தில் இப்படி விழும் புள்ளிகளைப் பார்த்துத்தான் அடுத்தவன் வழியைத் தீர்மானிக்கிறான். கரையோரத்திலும் பாதுகாப்பில்லை என்கிறது என் புள்ளி. அதை நம்பி எவனாவது என்னைப் போல ஆழத்துக்குப் போயிருக்கலாம்.

மூன்றாவதுதான் மோசம். சக்கரத்தை விடச் சொல்லியும் பணியாளர் பிடித்துக்கொண்டிருந்தார் என்று காப்பீட்டு அறிக்கையில் எழுதினேன். ஒரே ஒரு வரி. அந்த வரியால் என் உரிமம் தப்பியது. அவனுடைய இழப்பீடு நின்றது. அவனை அனுப்பிய முகவரும் அதற்குப் பிறகு அவனைக் கூப்பிடவில்லை. சொன்னபேச்சு கேட்காத ஆளை யார் படகில் ஏற்றுவார்கள்?

சில வாரம் கழித்துத் தொலைபேசியில் பேசினான். கையில் தகடு வைத்திருந்தார்கள். “கேப்டன், நான் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறதாமே. மொழிபெயர்த்தவர்கள் தப்பு செய்துவிட்டார்களா?” என்றான். நான் பொய் சொல்லியிருப்பேன் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

“அப்படித்தான் இருக்கும், விசாரிக்கிறேன்” என்றேன்.

விசாரிக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் விசாரிக்கவில்லை. அவன் எண் திரையில் வந்தால் எடுப்பதை நிறுத்தினேன். பிறகு அவன் கூப்பிடுவதும் நின்றது. அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது இரண்டு இடத்துக்கு எழுதிவிட்டேன். ஆய்வுக் குழுவுக்குச் சரியான இடமும் ஆழமும், வெடி போட்டதும். காப்பீட்டுக்காரர்களுக்கு நான் இட்ட கட்டளை, சொல்லுக்குச் சொல். வெடி வாங்கிப் போனவரின் பெயர் தெரியாது, அவருக்கு எழுத வழியில்லை. ஏன் இப்போது என்று கேட்டால் பெருமைப்படும்படி ஒரு காரணமும் என்னிடம் இல்லை. கண் பரிசோதனையில் தேறாமல் போய், இனி கேப்டனாகப் போக முடியாது என்று ஆன பிறகுதான் எழுதினேன். இழக்க உரிமம் இல்லாதபோது வந்த நேர்மை இது. அதற்குரிய மதிப்பை மட்டும் கொடுங்கள்.

பையனுக்கும் எழுதினேன். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. செதூபாலில் மாமாவின் பட்டறையில் எஞ்சின் வேலை செய்கிறானாம். மணிக்கட்டு முழுதாகத் திரும்புவதில்லையாம். திட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை. காப்பீட்டுக்காரர்களுக்கு அனுப்பிய கடிதத்தின் நகல் ஒன்று, கையெழுத்தோடு, தபாலில் வேண்டும் என்று கேட்டிருந்தான். வேலை கேட்டுப் போகும் இடத்தில் காட்ட வேண்டுமாம்.