பி பிரிவு



2017 அக்டோபரில் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தேன். அங்கே 16 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான ஆசியக் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. பேத்தி இழுத்துக்கொண்டு போனாள். நம் அணி ஆடியது 'பி' பிரிவில். அதில் முதலிடம் பிடித்தால் சீனா, ஜப்பான் ஆடும் 'ஏ' பிரிவுக்கு ஏறலாம். நம் பிள்ளைகள் ஜெயித்து ஏறிவிட்டார்கள். கைதட்டிக் கைதட்டி என் உள்ளங்கை சிவந்துபோனது.

வீடு திரும்பும் வழியில்தான் மனசு உறுத்தியது. ஸ்ரீபெரும்புதூரில் பத்தாம் வகுப்பு 'பி' செக்‌ஷனை எத்தனை வருஷம் "தேறாத கூட்டம்" என்று திட்டியிருப்பேன்! அதில் நெட்டையாக ஒரு பெண். மாவட்டப் போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தாள். "முதல்ல கணக்குல பாஸ் பண்ணு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். அதன் பிறகு அவள் பந்தைத் தொடவே இல்லை. (கணக்கில் 61 வாங்கினாள், அது வேறு விஷயம்.)

இப்போது ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருக்கிறாள். போன வாரம் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தவள், என்னைப் பார்த்ததும் "நல்லா இருக்கீங்களா சார்?" என்று ஓடி வந்தாள். அந்தக் கையெழுத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. மகள் ஏழாவது படிக்கிறாளாம். "அவளுக்கு ஒரு பந்து வாங்கித் தரேம்மா" என்றேன்.

"அவளுக்கு கேரம்தான் சார் பிடிக்கும்" என்று சிரித்தாள்.